காட்டில் விளைந்த கடற்படைகள்

கடலை ஒருநாளும் காணாத போர்க்கப்பல்கள் உலக வரலாற்றில் உண்டு. காட்டு மரத்தில் உருவாகி, பிறந்த ஏரியிலேயே பாய்விரித்து, அவ்வேரியிலேயே போரிட்டு, முடிவில் அதன் அடித்தளத்திலேயே அமிழ்ந்துபோன கப்பல்கள் அவை. கடற்போர் என்றதும் திரபல்கார் முனையும் நெல்சன் தளபதியும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும், பாய்க்கப்பல்களின் காலத்திலே, கடற்கரைக்கு நெடுந்தொலைவில், வட அமெரிக்காவின் நன்னீர் ஏரிகளில் நடந்த சில போர்கள் இரண்டு நாடுகளின் எல்லையை நிலைநிறுத்தின. ஒரு மக்கட்கூட்டத்தின் நம்பிக்கையை அழித்தன. அப்போர்களின் வெற்றி தோல்வியைப் பீரங்கி முழங்குவதற்கு முன்னரே பெரும்பாலும் முடிவுசெய்தவர்கள் மரம் வெட்டியோரும், கப்பல் தச்சரும், சுமை தூக்கியோருமே ஆவர்.

இது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிவதற்கு அந்நாட்டின் நில அமைப்பை முதலில் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் கனடாவுக்கும் இடையே சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரன், ஈரி, ஒன்ராறியோ என ஐந்து பேரேரிகள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரியதாகிய சுப்பீரியரின் பரப்பு ஏறக்குறைய 31,700 சதுர மைல். 25,332 சதுர மைல் பரப்புள்ள இலங்கைத் தீவு முழுவதையும் அதனுள் இட்டாலும் சுற்றிலும் நீர் எஞ்சி நிற்கும். இப்பேரேரிகளின் நீரெல்லாம் கடைசியில் ஒன்ராறியோ ஏரியிலிருந்து சென் லோரன்சு நதியாகப் புறப்பட்டு, கிங்ஸ்ரன், மொன்றியல், கியூபெக் ஆகிய நகரங்களைக் கடந்து அத்திலாந்திக் சமுத்திரத்தை அடைகின்றது. இவற்றுக்குக் கிழக்கே, ஒடுங்கி நீண்டு கிடக்கும் சாம்பிளேன் ஏரி தனித்து உள்ளது. அதன் நீளம் ஏறக்குறைய 120 மைல். தெற்கே நியூயோர்க் நாட்டுப்புறத்தில் தொடங்கி வடக்கே செல்லும் அதன் நீர், றிச்சலியூ என்னும் ஆற்றின் வழியாகச் சென் லோரன்சு நதியிற் கலக்கின்றது.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இந்நிலப்பகுதி அடர்ந்த காடு. படை செல்லத்தக்க பாதைகள் மிகச் சில. மழைக்காலத்தில் அவையும் சேறாகிவிடும். பத்தாயிரம் பேர் கொண்ட சேனைக்கு மாவும் இறைச்சியும் வெடிமருந்தும் பீரங்கியும் கொண்டு செல்வதற்கு நீர்வழி ஒன்றே வழி. ஆகவே ஏரியை ஆள்பவன் எவனோ அவனே நாட்டினுள் நுழைய வல்லவன் என்பது இரு தரத்தாரும் உணர்ந்த உண்மை.

ஆனால் ஏரியை ஆளுவதற்குக் கப்பல் வேண்டுமே! பிரித்தானியரிடம் உலகிலேயே மிகப் பெரிய கடற்படை இருந்தது. அதனால் என்ன பயன்? மொன்றியலுக்கு மேலே சென் லோரன்சு நதி பாறைகளில் மோதிப் பாய்கின்றது. ஒன்ராறியோ ஏரிக்கும் ஈரி ஏரிக்கும் நடுவே நயாகரா நீர்வீழ்ச்சி நிற்கின்றது. சாம்பிளேன் ஏரிக்குச் செல்லும் றிச்சலியூ ஆற்றிலும் நீர்ச்சரிவுகள் உள்ளன. சமுத்திரத்தில் ஓடும் போர்க்கப்பல் ஒன்றேனும் இவற்றைக் கடந்து ஏரிக்குள் வர அக்காலத்தில் இயலவில்லை. கப்பல் வேண்டுமாயின் ஏரிக்கரையிலேயே கட்டுதல் வேண்டும். மரம் அங்கே உண்டு. மற்றை யாவும் வெளியிலிருந்து வருதல் வேண்டும். இரும்பு, பாய்ச்சீலை, கயிறு, நங்கூரம், பீரங்கி, இவற்றோடு மாலுமியும் தச்சனும் காட்டு வழியாகவே வந்து சேர்தல் வேண்டும்.

இவ்வகைப் போரின் முதற் பெரிய எடுத்துக்காட்டு 1776ஆம் ஆண்டில், அமெரிக்கர் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்த காலத்தில், சாம்பிளேன் ஏரியில் நிகழ்ந்தது. கனடாவின் ஆள்பதியாகிய கை கார்ள்ரன் என்பார் வடக்கிலிருந்து ஏரிவழியாக இறங்கி, அமெரிக்கரின் நாட்டை இரண்டாகப் பிளக்க எண்ணினார். அவரைத் தடுக்கும் பணி பெனடிக்ற் ஆர்னல்ட் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏரியின் தென்கோடியில் ஸ்கீன்ஸ்பரோ என்னும் சிற்றூரில், கடற்கரை நகரங்களிலிருந்து அழைத்துவரப்பட்ட தச்சர்கள் கோடைகாலம் முழுவதும் உழைத்தனர். தட்டையான அடியுடைய படகுகளும், துடுப்பும் பாயும் ஒருங்கே கொண்ட சிறு போர்க்கலங்களும் அவர்கள் கையால் உருவாகின.

வடகோடியில் பிரித்தானியரும் வாளாவிருக்கவில்லை. கியூபெக்கில் கட்டத் தொடங்கிய இன்பிளெக்சிபிள் என்னும் 180 தொன் கப்பலைத் துண்டு துண்டாகக் கழற்றி, நீர்ச்சரிவுகளுக்கு அப்பால் எடுத்துச் சென்று, சென்-யோன் என்னும் இடத்தில் 28 நாட்களில் மீண்டும் பொருத்தி முடித்தனர். அதிலே 12 இறாத்தற் குண்டு எறியும் பீரங்கிகள் 18 இருந்தன. ஏரியில் இருந்த வேறெந்தக் கலமும் அதற்கு ஈடாக நிற்க வல்லதன்று. ஆனால் அதனை முடிப்பதற்காகக் காத்திருந்த அந்த வாரங்களே பின்னர் விலைமதிப்பற்றவையாயின.

ஒக்ரோபர் 11ஆம் நாள் வல்கூர் என்னும் தீவின் மறைவில் ஆர்னல்ட் தம் கலங்களை நிறுத்திப் போரிட்டார். மாலைக்குள் அவரது படை சிதைந்தது. பிலடெல்பியா என்னும் பீரங்கிப் படகு அன்றே மூழ்கியது. இரவிலே மூடுபனியின் நடுவே, எஞ்சிய கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பகைவரின் வரிசையைக் கடந்து தப்பின. இரண்டு நாட்களின் பின் பிரித்தானியர் அவற்றைத் துரத்திப் பிடித்தனர். ஆர்னல்ட் தம் கலங்கள் சிலவற்றைக் கரையில் ஏற்றித் தாமே தீயிட்டுவிட்டுக் காட்டு வழியாக வெளியேறினார்.

படை என்ற அளவில் அது முழுத் தோல்வியே. ஆயினும் அதன் பயன் வேறு. ஒக்ரோபர் நடுப்பகுதி ஆகிவிட்டது. குளிர்காலம் வாயிலில் நின்றது. ஏரி உறைந்துவிட்டால் கனடாவிலிருந்து உணவு வராது. எனவே கார்ள்ரன் படையை மீட்டுக்கொண்டு வடக்கே திரும்பினார். அடுத்த ஆண்டு அதே வழியில் வந்த பேர்கோயின் தளபதியின் சேனையை எதிர்கொள்ள அமெரிக்கர் ஆயத்தமாக இருந்தனர். 1777 ஒக்ரோபரில் சரற்றோகாவில் அச்சேனை சரணடைந்தது. அதன் விளைவாகப் பிரான்சு தேசம் 1778இல் அமெரிக்கரோடு கைகோத்தது. பச்சை மரத்திற் கட்டிய சில படகுகள் ஓராண்டைச் சம்பாதித்துக் கொடுத்தன. அந்த ஓராண்டு ஒரு தேசத்தைக் காத்தது.

முப்பத்தாறு ஆண்டுகளின் பின், 1812 யூன் 18ஆம் நாள் அமெரிக்கா பிரித்தானியாமீது மீண்டும் போர் அறிவித்தது. இம்முறை போர் ஒன்ராறியோ, ஈரி ஆகிய பேரேரிகளுக்கும் பரந்தது. தொடக்கத்தில் பிரித்தானியரின் கை ஓங்கியிருந்தது. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்திலேயே டெற்றோயிற் கோட்டை அவர்கள் வசமாயிற்று. அவ்வெற்றியில் அவர்களுக்குத் தோள்கொடுத்தவர் ஷோனி இனத்தவராகிய தெக்கம்சே. வெள்ளையர் குடியேற்றம் தம் நிலங்களை விழுங்கி வருவதைக் கண்டு, பல்வேறு ஆதிக்குடிகளையும் ஓரணியில் திரட்ட முயன்ற தலைவர் அவர். பிரித்தானியர் வென்றால் தம் மக்களுக்கென ஒரு நாடு எஞ்சும் என்பது அவரது நம்பிக்கை. அந்த நம்பிக்கை ஈரி ஏரியிலுள்ள கப்பல்களைத் தொற்றிக்கொண்டு நின்றது.

ஈரி ஏரியின் தென்கரையில், பிரெஸ்க் ஐல் என்னும் குடாவில், அமெரிக்கர் கப்பல் கட்டத் தொடங்கினர். நியூயோர்க்கிலிருந்து நோவா பிறவுன் என்னும் கப்பல் தச்சர் தம் ஆட்களோடு வந்து சேர்ந்தார். 1813 மார்ச்சில், இருபத்தேழே வயதான ஒலிவர் பெரி என்னும் கடற்படை அதிகாரி பொறுப்பேற்றார். காலையில் காட்டில் நின்ற மரம் சில நாட்களுக்குள் கப்பலின் பலகையாயிற்று. மரத்தை உலர்த்தி எடுக்க நேரமில்லை. இரும்பாணி போதாத இடங்களில் மரமுளைகள் அடிக்கப்பட்டன. இக்கப்பல்கள் பத்தாண்டு நிலைக்குமா என்று எவரும் கேட்கவில்லை. அவற்றுக்கு வேண்டியது ஒரு போர்வரை தாங்கும் வலிமையே. இவ்வாறு உருவானவை லோரன்ஸ், நயாகரா என்னும் இரட்டைக் கப்பல்கள். ஒவ்வொன்றும் 20 பீரங்கிகள் தாங்கியது. அவற்றுள் 18, கரொனேட் எனப்படும் குறும்பீரங்கிகள்; 32 இறாத்தற் குண்டை எறிவன; அண்மையிலே பேரழிவு செய்வன; தூரத்திலே பயனற்றவை.

கப்பல்கள் முடிந்தன, ஆனால் வெளியே வர இயலவில்லை. குடாவின் வாயிலிலே மணற்றிடல் குறுக்கே கிடந்தது. பகைவரைத் தடுத்துக் காத்த அம்மணலே இப்பொழுது தடையாயிற்று. பிரித்தானியக் கப்பல்கள் சில நாள் அவ்விடத்தை விட்டு அகன்ற வேளை பார்த்து, ஓகஸ்ற் தொடக்கத்தில் பெரி தம் பீரங்கிகளையெல்லாம் இறக்கினார். கப்பலின் இருபுறமும் நீர் நிரப்பிய பெரிய மரப்பெட்டிகளைக் கட்டி, பின்னர் அந்நீரை இறைத்து வெளியேற்ற, பெட்டிகள் மிதந்தெழுந்து கப்பலையும் தூக்கின. அவ்வாறு அங்குலம் அங்குலமாக மணலைக் கடந்தனர். அந்த நாட்களிற் பகைவர் திரும்பியிருப்பின், பீரங்கியற்று மணலிற் கிடந்த கப்பல்கள் போரின்றியே அழிந்திருக்கும்.

மறுபுறத்தில் பிரித்தானியத் தளபதி றொபேற் பார்க்ளியின் நிலை இரங்கத்தக்கது. முந்திய போரொன்றில் ஒரு கையை இழந்த வீரர் அவர். மேற்குக் கோடியிலுள்ள அம்ஹேர்ஸ்ற்பேர்க்கில் அவர் கட்டிய டெற்றோயிற் என்னும் கப்பலுக்குப் பீரங்கி வந்து சேரவில்லை. ஈரி ஏரிக்கென அனுப்பப்பட்ட தளபாடங்களிற் பல, இன்று ரொறன்ரோ என வழங்கும் யோர்க் நகரை அமெரிக்கர் 1813 ஏப்பிரிலில் தாக்கியபோது பறிபோயின. கோட்டை மதிலிலிருந்த பல அளவுப் பீரங்கிகளை இறக்கிக் கப்பலில் ஏற்றினார். அவற்றுட் சிலவற்றின் திரி பற்றாமையால், கைத்துப்பாக்கியை மருந்துவாயில் வைத்துச் சுட்டே வெடிக்கச் செய்ய நேர்ந்தது. பயின்ற மாலுமிகள் மிகச் சிலர். தரைப்படை வீரரே கயிறு இழுத்தனர். எல்லாவற்றுக்கும் மேலாக, களஞ்சியத்தில் மா ஒழிந்துவந்தது. படையினருக்கும், அவரை நம்பி வந்த தெக்கம்சேயின் மக்களுக்கும் உணவில்லை. ஏரிவழி திறந்தாலன்றி உணவு வராது. போரிட வேண்டிய நாளைப் பார்க்ளி தெரிந்தெடுக்கவில்லை. பசி அவருக்காகத் தெரிந்தெடுத்தது.

1813 செப்ரெம்பர் 10ஆம் நாள் முற்பகலில் புற்-இன்-பே என்னும் தீவுத் துறைக்கு அப்பால் 9 அமெரிக்கக் கலங்களும் 6 பிரித்தானியக் கலங்களும் எதிர்ப்பட்டன. காலையில் பார்க்ளிக்குச் சாதகமாக வீசிய காற்று பின்னர் திரும்பிப் பெரிக்குத் துணையாயிற்று. ஆயினும் லோரன்ஸ் கப்பல் குறும்பீரங்கியின் எல்லைக்குள் நெருங்குமுன் பகைவரின் நெடும்பீரங்கிகள் அதனைத் துளைத்தன. துணைக்கு வரவேண்டிய நயாகரா பின்தங்கி நின்றது. இரண்டு மணி நேரத்துக்கு மேலாகத் தனித்து நின்ற லோரன்சில் எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். அதன்பின் பெரி ஒரு சிறு தோணியில் இறங்கி, குண்டுமழையின் நடுவே நயாகராவைச் சென்றடைந்து, சேதமின்றி நின்ற அப்புதுக் கப்பலைப் பகைவரின் வரிசைக்குள் நேரே செலுத்தினார். பிரித்தானியரின் இரு பெரிய கப்பல்களும் திரும்ப முயன்று ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. பிற்பகல் 3 மணியளவில் ஆறு கலங்களும் சரணடைந்தன. அவர்களது ஒவ்வொரு கப்பலிலும் தலைவனும் துணைத்தலைவனும் இறந்தோ காயமுற்றோ கிடந்தனர். பார்க்ளியும் படுகாயமுற்றார். பின்னர் நடந்த இராணுவ விசாரணை அவர்மீது குற்றமில்லை எனக் கௌரவத்தோடு விடுவித்தது.

ஏரி கைமாறியதும் நிலமும் கைமாறியது. உணவுவழி அடைபட்ட பிரித்தானியப் படை அம்ஹேர்ஸ்ற்பேர்க்கைக் கைவிட்டுக் கிழக்கே பின்வாங்கியது. தெக்கம்சே அப்பின்வாங்கலை வன்மையாகக் கண்டித்தார். எனினும் உடன் சென்றார். ஒக்ரோபர் 5ஆம் நாள் தேம்ஸ் என்னும் ஆற்றங்கரைப் போரில் அவர் உயிர் துறந்தார். அவர் திரட்டிய கூட்டணியும் அவரோடு கலைந்தது.

ஒன்ராறியோ ஏரியின் கதை வேறு வகையானது. வடகரையில் கிங்ஸ்ரன் துறையில் பிரித்தானியத் தளபதி ஜேம்ஸ் யோ. எதிர்க்கரையில் சாக்கெற்ஸ் துறையில் அமெரிக்கத் தளபதி ஐசக் சோன்சி. இருவரும் தேர்ந்தவர்; இருவரும் எச்சரிக்கை மிக்கவர். ஒருவர் ஒரு கப்பல் கட்டினால் மற்றவர் அதனிலும் பெரிது கட்டுவார். பெரிய கப்பல் கையிலுள்ளவர் ஏரியில் உலாவுவார். மற்றவர் துறைக்குள் ஒதுங்கித் தம் தச்சரை விரைவுபடுத்துவார். ஒரு நாளிலே யாவற்றையும் பணயம் வைக்க இருவருக்கும் மனமில்லை. தோற்றவன் ஏரியை மட்டுமன்றி ஒரு நாட்டையே இழப்பான் அன்றோ?

1813 மே மாதத்தில் பிரித்தானியர் சாக்கெற்ஸ் துறையைத் தாக்கினர். துறை வீழ்ந்ததென்று தவறாகக் கருதிய அமெரிக்க அதிகாரியொருவர் தம் பண்டசாலைகளுக்கே தீ வைப்பித்தார். பெரும்பொருள் சாம்பலாயிற்று. ஆனால் கட்டுமானத்தில் நின்ற ஜெனரல் பைக் என்னும் கப்பல் தப்பியது. அதன் மரம் பச்சையாக இருந்தமையால் தீப் பற்றவில்லை.

இவ்வேரியில் பீரங்கியைவிடக் காற்றே மிகுதியாக உயிர் குடித்தது எனலாம். வணிகத்துக்கெனக் கட்டிய ஸ்கூனர் வகைக் கலங்களின் மேற்றளத்தில் அளவுக்கு மிஞ்சிப் பீரங்கிகளை ஏற்றியமையால் அவை தலைப்பாரம் கொண்டன. 1813 ஓகஸ்ற் 8ஆம் நாள் விடியுமுன் எழுந்த திடீர்ச் சூறையில் ஹமில்ரன், ஸ்கேர்ஜ் என்னும் இரண்டு அமெரிக்கக் கலங்கள் சில நிமிடங்களிற் கவிழ்ந்தன. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

1814ஆம் ஆண்டின் கோடையிலே சாக்கெற்ஸ் துறையில் சுப்பீரியர் என்னும் புதுக் கப்பலுக்கு நங்கூர ஆலாத்து வேண்டியிருந்தது. ஏரிவழியைப் பிரித்தானியர் அடைத்திருந்தனர். நான்கு தொன்னுக்கு மேற்பட்ட அப்பெருங்கயிற்றைத் தாங்க வண்டி இல்லை. ஆகவே அயலிலுள்ள குடியானவரும் படையினருமாகிய ஆடவர் அதனைப் பாம்புபோல் நீளக் கிடத்தித் தோளிலே தூக்கி, ஏறக்குறைய 20 மைல் நடந்து துறை சேர்த்தனர். தோல் உரிந்து இரத்தம் கசியக் கசிய அவர்கள் நடந்தனர் என்பர். அவ்வாண்டின் பெரும் பீரங்கிப் போர்களைவிட இந்நடையே ஏரிப்போரின் இயல்பைத் தெளிவாகக் காட்டுகின்றது.

இப்போட்டியின் உச்சி 1814 செப்ரெம்பரில் எட்டப்பட்டது. கிங்ஸ்ரனில் யோ நீரில் இறக்கிய சென் லோரன்சு என்னும் கப்பலுக்கு மூன்று பீரங்கித் தளங்களும் 112 பீரங்கிகளும் இருந்தன. திரபல்காரில் நெல்சன் ஏறிநின்ற விக்ரறி கப்பலுக்கோ 104 பீரங்கிகளே. நன்னீரில் மிதக்கும் கப்பலுக்குக் குடிநீர்ப் பீப்பாய்களும் மாதக்கணக்கான உணவும் வேண்டியதில்லை. எனவே ஆழம் குறைந்த வயிற்றில் பீரங்கியே மிகுதியாக ஏறியது. அக்கப்பல் வெளிவந்ததும் சோன்சி துறைக்குள் ஒதுங்கினார். உடனே அதற்கு மாற்றாக நியூ ஓர்லியன்ஸ் என்னும் மாபெருங் கப்பலை அமெரிக்கர் கட்டத் தொடங்கினர். பிரித்தானியரோ, இங்கிலாந்திலே துண்டுகளாகச் செய்து சமுத்திரம் தாண்டி அனுப்பிய சைக்கி என்னும் கப்பலை நதிவழியும் தரைவழியும் சுமந்து கொணர்ந்து டிசெம்பரில் மிதக்கவிட்டனர். இத்துணைப் பணமும் உழைப்பும் கொட்டப்பட்ட சென் லோரன்சு கப்பல் ஒரு போரிலேனும் ஒரு குண்டும் சுடவில்லை.

இறுதித் தீர்ப்பு மீண்டும் சாம்பிளேன் ஏரியிலேயே கிடைத்தது. ஐரோப்பாவில் நெப்போலியன் வீழ்ச்சியுற்றபின் விடுபட்ட பிரித்தானியச் சேனைகள் கனடாவுக்கு வந்தன. 1814 செப்ரெம்பரில் ஆள்பதி ஜோர்ஜ் பிறேவோ பத்தாயிரம் பேருக்கு மேற்பட்ட படையோடு தெற்கே இறங்கி, ஏரிக்கரையிலுள்ள பிளாற்ஸ்பேர்க் என்னும் ஊரை அடைந்தார். அச்சேனையில் இலங்கை வரலாற்றிலும் இடம்பெற்ற படைப்பிரிவொன்று இருந்தது. அது டீ மூரோன் படை. 1781இல் சுவிற்சர்லாந்துப் பிரபு ஒருவர் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்காகத் திரட்டிய அப்படை கொழும்பிலே காவல் புரிந்தது. 1795இல் ஹியூ கிளெகோர்ன் என்பவரின் பேச்சுவார்த்தையால் அது ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தது. 1796 பெப்ரவரியில் கொழும்பு எளிதில் வீழ்ந்தமைக்கு அதுவும் ஒரு காரணம். 1799இல் சீரங்கப்பட்டணத்தில் போரிட்டு, 1813இல் கனடா சேர்ந்த அப்படை, ஆட்கள் பெரிதும் மாறிய நிலையிலும் பழைய பெயரோடு இந்த ஏரிக்கரையில் வந்து நின்றது.

பிறேவோ முன்னேற ஏரி வேண்டும். அவரது கப்பற்படைத் தளபதி ஜோர்ஜ் டவுனி. தலைமைக் கப்பல் கொன்பியன்ஸ், 37 பீரங்கிகள் கொண்டது. ஓகஸ்ற் 25ஆம் நாளே நீரில் இறக்கப்பட்டது. போருக்குச் செல்லும்போதும் தச்சர் அதனுள் வேலைசெய்துகொண்டிருந்தனர். அமெரிக்கத் தளபதி தோமஸ் மக்டோனாவின் சரற்றோகா என்னும் கப்பல் ஏரா வைத்து 35 நாட்களில் நீரில் இறங்கியது. ஈகிள் என்னும் மற்றொன்று 19 நாட்களில் இறங்கியது.

மக்டோனா பிளாற்ஸ்பேர்க் குடாவிற்குள் நங்கூரமிட்டு நின்றார். பாய்விரித்துத் திரிய இடமில்லாத அந்த ஒடுங்கிய நீரில் கப்பலைத் திருப்புவதற்கு அவர் ஒரு வழி செய்திருந்தார். முன்னும் பின்னும் துணை நங்கூரங்களை இட்டு, அவற்றின் கயிறுகளைக் கப்பலின் இருபுறத்தும் கொண்டுவந்து கட்டியிருந்தார். கயிற்றை இழுத்தால், காற்று இல்லாமலே கப்பல் நின்ற நிலையில் திரும்பிவிடும்.

செப்ரெம்பர் 11ஆம் நாள் காலையில் டவுனி குடாவிற்குள் நுழைந்தார். கொன்பியன்சின் முதல் வெடித்தொகுதியில் சரற்றோகாவிலே நாற்பது பேரளவில் வீழ்ந்தனர். ஆனால் போர் தொடங்கிக் கால்மணி நேரத்துள் அமெரிக்கக் குண்டொன்று பீரங்கியொன்றில் மோத, அது பெயர்ந்து டவுனியின்மேல் விழுந்தது. அவர் அங்கேயே மாண்டார். இரண்டு மணி நேரம் இரு கப்பல்களும் ஒன்றையொன்று சிதைத்தன. சரற்றோகாவின் ஒரு பக்கத்துப் பீரங்கிகள் யாவும் ஓய்ந்தன. அப்பொழுது மக்டோனா துணைக் கயிறுகளை இழுக்கச் செய்தார். கப்பல் மெல்லத் திரும்பி, தொடப்படாத மறுபக்கத்துப் பீரங்கிகளைப் பகைவருக்குக் காட்டியது. கொன்பியன்சும் அவ்வாறே திரும்ப முயன்று பாதியிலே சிக்கி நின்றது. பின்னர் கொடியை இறக்கியது. கரையில் நின்று கண்ட பிறேவோ, ஏரியின்றி இப்படைக்கு உணவில்லை என உணர்ந்து, தோல்வியுறாத தம் சேனையை வடக்கே திருப்பினார். அதற்காக அவர் கடுமையாகப் பழிக்கப்பட்டார். தம் பக்கத்தை விசாரணை மன்றில் எடுத்துரைக்குமுன்னரே 1816 ஜனவரியில் காலமானார்.

ஆயினும் அவரது கணக்குத் தவறன்று. அமெரிக்கப் போருக்குத் தலைமை தாங்குமாறு வேண்டப்பட்ட வெலிங்ரன் பெருமகன் 1814 நவெம்பரில் அளித்த மறுமொழியின் சாரம், அங்கே குறைவாயிருப்பது தளபதி அல்ல, ஏரிகளின்மீது மேலாட்சியே என்பதாகும்; அஃது இல்லாமல் நிலம் கேட்பதற்கும் நியாயமில்லை என்றும் அவர் கூறினார். 1814 டிசெம்பர் 24ஆம் நாள் கென்ற் நகரில் கைச்சாத்தான உடன்படிக்கை, போருக்கு முன்னிருந்த எல்லையையே மீண்டும் நிறுவியது. ஆதிக்குடிகளுக்கெனத் தனிநாடு வேண்டும் என்ற கோரிக்கையைப் பிரித்தானியர் கைவிட்டனர். போருக்கு முன்னர் அம்மக்களுக்கிருந்த உரிமைகளை மீளக்கொடுப்பதாக ஒரு பிரிவு எழுதப்பட்டது. நடைமுறையில் அது எழுத்தளவிலேயே நின்றது. இரு நாடுகளும் இழந்ததை மீட்டுக்கொண்டன. தெக்கம்சேயின் மக்களுக்கோ மீட்சியில்லை.

அதன்பின் நடந்ததே இவ்வரலாற்றில் சிந்தனைக்குரியது. ஏரிக்கரைகளில் இரு தரத்தாரின் கப்பல்களும் இன்னும் நின்றன. அவற்றைப் பேணுவதற்குப் பெரும்பணம் வேண்டும். ஒருவர் ஒன்றைக் கட்டினால் மற்றவர் இரண்டைக் கட்டவேண்டும் என்னும் கணக்கு எங்கே முடியும் என்பதை ஒன்ராறியோ ஏரி காட்டிவிட்டது. 1817 ஏப்பிரிலில் அமெரிக்க இராசாங்கச் செயலாளராகப் பதிற்கடமை பார்த்த றிச்சேட் றஷ், பிரித்தானியத் தூதுவர் சார்ள்ஸ் பாகொற் ஆகிய இருவரும் வாஷிங்ரனில் குறிப்புகளைப் பரிமாறிக்கொண்டனர். ஒன்ராறியோவில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கலம், சாம்பிளேனில் ஒன்று, மேலேரிகளில் இரண்டு. எந்தக் கலமும் 100 தொன்னுக்கு மேற்படலாகாது; 18 இறாத்தற் குண்டு எறியும் ஒரு பீரங்கிக்கு மேல் ஏற்றலாகாது. இவ்வளவே உடன்பாடு.

அதனால் ஐயம் ஒரே நாளில் அகன்றதென்று கூறமுடியாது. அதன்பின்னரும் பல ஆண்டுகள் இரு கரைகளிலும் கற்கோட்டைகள் எழுந்தன. ஆயினும் ஏரிகளிற் கப்பற்போட்டி மீண்டும் மூளவில்லை. காலத்துக்கேற்ற விளக்கங்களோடு அவ்வுடன்பாடு இருநூறு ஆண்டு கடந்து இன்றும் நடைமுறையில் உள்ளது.

கப்பல்களின் முடிவு எளியது. பச்சை மரம் விரைவில் உளுத்தது. 112 பீரங்கி தாங்கிய சென் லோரன்சு 1832இல் வெறும் 25 பவுணுக்கு விலைபோனது. நியூ ஓர்லியன்ஸ் நீரையே காணாமல், கொட்டகையின் கீழ்க் கட்டுமான மேடையிலேயே பல்லாண்டு நின்று, 1883இல் விற்கப்பட்டது. ஆனால் மூழ்கியவற்றைக் குளிர்ந்த நன்னீர் காத்து வைத்தது. மரத்தைத் தின்னும் கடற்புழு அங்கே இல்லை. 1776இல் மூழ்கிய பிலடெல்பியா 1935இல் எடுக்கப்பட்டு இன்று வாஷிங்ரன் அரும்பொருட்சாலையில் உள்ளது. பெரியின் நயாகரா 1913இல் மேலெடுக்கப்பட்டது. ஹமில்ரன், ஸ்கேர்ஜ் ஆகிய இரண்டும் 1973இல் கண்டுபிடிக்கப்பட்டன. ஒன்ராறியோவின் ஆழத்தில், நிமிர்ந்த நிலையில், பீரங்கிகள் தம் இடத்திலேயே இருக்க, அவை இன்றும் நிற்கின்றன.

பெரி, மக்டோனா, பார்க்ளி ஆகியோரின் பெயர்களை வரலாற்று நூல்கள் போற்றுகின்றன, அது தகும். ஆனால் இருபது மைல் கயிறு சுமந்த குடியானவனும், பனிக்காலத்தில் பலகை அறுத்த தச்சனும், சூறையில் மூழ்கிய மாலுமியும் இல்லாமல் அப்பெயர்கள் எழுதப்பட்டிரா. அவர்கள் தம் உழைப்பையெல்லாம் கொட்டி எழுப்பிய கப்பற்படைகள் தீர்க்காத வழக்கை, ஓர் ஏரிக்கு ஒரு சிறு பீரங்கி என்று எழுதிய இரண்டு கடிதங்கள் அடக்கிவைத்தன. அக்கடிதங்கள் முப்பதாண்டு முன்னர் எழுதப்பட்டிருப்பின் எத்தனை காடுகளும் எத்தனை உயிர்களும் எஞ்சியிருக்கும் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்த்தல் தகும்.